ஊருக்கு வந்தால் மெஸ் சாப்பாடு: மணி பார்த்து உட்காருங்கள்

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களுக்கு வயிறு கெட்டால் இரண்டு நாள் போச்சு. அதற்குப் பயந்து நட்சத்திர ஓட்டலிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதும் பாவம். மதுரையில் மேலமாசி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் நடந்தால் டிபன் கடைக்கும் மெஸ்ஸுக்கும் குறைவில்லை. அதில் நம்பி உட்காரக்கூடியது எது என்பதற்கு முதல் அடையாளம் பலகை. எட்டு, பத்துப் பண்டம்தான் எழுதியிருக்கிறது, தீர்ந்ததை அழித்துக்கொண்டே வருகிறார்கள் என்றால் அது அன்றைக்கு ஆக்கி அன்றைக்கே தீர்க்கும் கடை. இட்லியிலிருந்து நூடுல்ஸ் வரை அறுபது வகை போட்டிருந்தால் பாதி குளிர்பெட்டியிலிருந்துதான் வரும்.

இரண்டாவது, மணி. நல்ல கடையிலும் தப்பான நேரத்தில் போனால் தப்பான சாப்பாடுதான் கிடைக்கும். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே போங்கள். அப்போது பொங்கல் கரண்டியிலிருந்து வழுக்கி இறங்கும். பத்து மணிக்கு மேல் அது இறுகிவிடும். வெந்நீர் ஊற்றித் தளர்த்துவார்கள், இலையில் பருக்கை தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். இட்லியைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக இருந்தால் மாவு சரியாகப் பொங்கியிருக்கிறது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் வேகவில்லை, திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். கல்லாக இருந்தால் உளுந்து குறைவு, அல்லது மாவு புளிக்கவே இல்லை. கோடையில் காலை மாவு சாயங்காலத்துக்குள் நன்றாகப் புளித்துவிடும். அதனால் இரவில் இட்லியைவிட ஊத்தப்பம் கேட்பதே புத்திசாலித்தனம். அந்தப் புளிப்பு அதற்குத்தான் பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் வயிற்றை எளிதில் கவிழ்க்கக்கூடியது தேங்காய்ச் சட்னி. இட்லி ஆவியில் வெந்தது, சாம்பார் கொதித்தது. சட்னியோ பச்சைத் தேங்காயைத் தண்ணீர் விட்டு அரைத்தது, அடுப்பையே பார்க்காதது. முப்பத்தைந்து டிகிரி வெயிலில் மூன்று மணி நேரம் வாளியில் இருந்தால் கெடத் தொடங்கும். ஓரத்தில் மெல்லிய நுரை, மூக்கருகே கொண்டுபோனால் இலேசான புளிச்ச வாடை: இரண்டில் எது தெரிந்தாலும் ஒதுக்குங்கள். “அண்ணே, சட்னி எப்ப அரைச்சது?” என்று கேட்பதில் தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் ஆவி பறக்கும் சாம்பாரே போதும். பொடியும் நல்லெண்ணெயும் இன்னும் பத்திரம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டுக்கு மேல் பொரியல் மாறும், சாம்பார் நீர்க்கும், தயிர் புளிக்கும். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைப்பது வழக்கம். வயிறு பழகாதவர்கள் தங்கள் பாட்டில் தண்ணீரையே தெளித்து, ஈரம் போக நன்றாக உதறிவிடுங்கள். பாட்டில் வாங்கும்போது மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் கேட்டால் பல கடைகளில் தருவார்கள்.

முதல் சோற்றைக் கொஞ்சமாக வாங்குங்கள். பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஐந்து சுற்று இருக்கிறது. சாம்பாரிலேயே நிரப்பிக்கொண்டால் ரசம் வீண். ரசம் அந்தக் கடையின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடும். தெளிவாக வேண்டுமா, அடிமண்டியோடு வேண்டுமா என்று சொல்லி வாங்கலாம்.

அசைவ மெஸ் என்றால் கணக்கு வேறு. கறிக்குழம்பு, மீன் குழம்பு பொதுவாகச் சாப்பாட்டோடு சேர்ந்தது. சுக்கா, வறுவல், ஆம்லெட் எல்லாம் தனி. தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து நீட்டுவார்கள். எடுத்து இலையில் வைத்தால் பில்லில் ஏறும். மீன் துண்டுக்குத் துண்டு விலை மாறும் என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள்.

காசு விஷயம். சின்னக் கடைகளில் கார்டு மெஷின் இருக்கும் என்று நம்ப வேண்டாம், கியூஆர் அட்டைதான் இருக்கும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, இங்கிலாந்து உள்பட சில நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். வங்கியிடம் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள். போன பயணத்தில் மிஞ்சிய இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகு கடைகளில் பொதுவாக வாங்குவதில்லை. சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மத்திய, மாநில வரியாக இரண்டரை இரண்டரை என்று பில்லில் பிரித்திருக்கும். சிறு கடைக்காரர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், கட்டாயமில்லை. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

பார்சலுக்கு எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. இருந்தும் சுடச்சுட சாம்பாரை மெல்லிய பையில் கட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. இரவு ரயிலுக்கு என்றால் சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம், பொடி இட்லி சொல்லுங்கள். இட்லி ஆறிய பிறகு, நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் மடிக்க வேண்டும். அவசரத்தில் சூடாகவே கட்டினால் உள்ளே ஆவி வேர்த்து, திண்டுக்கல் தாண்டுவதற்குள் இட்லி கொழகொழத்துவிடும். வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சொல்லிவைத்தால் ஆறவைத்துக் கட்டித் தருவார்கள்.