போர்வைக்குக் கொலுசு: ஆறு வருடத்தில் மூன்று ஓரங்கள்

2019 ஆடி மாதத்தில் ஒரு ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்து முடித்தேன். அம்மா கட்டிக் கழித்த பருத்திப் புடவைகள் பதினொன்று அதற்குள் இருக்கின்றன. சுங்குடி இரண்டு, செட்டிநாட்டுக் கட்டம் மூன்று, மற்றதெல்லாம் எங்கே வாங்கினோம் என்று அம்மாவுக்கே மறந்துபோன கைத்தறி. அளவு 60-க்கு 90 அங்குலம். கையால் ஓட்டுத் தையல் போடவே இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அந்த இரண்டு மாதம் படுத்தியதைவிட, ஓரத்தில் வைத்த அலங்காரம் ஆறு வருடமாகப் படுத்திய பாடுதான் அதிகம். நாலு முறை தைத்து, மூன்று முறை பிரித்திருக்கிறேன்.

முதலில் வைத்தது பாம்பாம் லேஸ். நாடாவில் குட்டிக் குட்டிப் பஞ்சுருண்டை தொங்குமே, அதுதான். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு லேஸ் கடையில் மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. போர்வையின் நாலு பக்கமும் சேர்த்து 300 அங்குலம், அதாவது 7.62 மீட்டர். கடைக்காரத் தம்பி, “எட்டு மீட்டர் போதும்க்கா” என்றார். நான் ஒன்பது மீட்டர் கட்டாகவே வாங்கினேன். அந்த வாங்கலில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். மூலை திருப்ப, முனை மடிக்க, கொஞ்சம் தளர்வாக வைக்க என்று அரை மீட்டருக்கு மேல் தானாகப் போய்விடுகிறது.

தைத்து முடித்து விரித்துக் காட்டியபோது அம்மா கேட்டது: “போர்வைக்கு எதுக்குடி கொலுசு?”

மூன்று மாதம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் உருண்டைகள் தரையில் இழுபட்டு, வீட்டில் உதிர்ந்த தலைமுடி அத்தனையையும் சேர்த்து வைத்துக்கொண்டன. வாஷிங் மெஷினில் போட்டால் ஒன்றோடொன்று சிக்கி, கட்டிய மல்லிகைச் சரம் கசங்கியது போல வெளியே வரும். கழுத்துவரை இழுத்துப் போர்த்தினால் தாடையில் குறுகுறுக்கும். பாலியெஸ்டர் என்று யோசிக்காமல் பருத்திக்கு வைக்கிற சூட்டில் ஒருமுறை இஸ்திரி போட்டேன். ஒரு சாண் நீளத்துக்கு உருகிப் பளபளவென்று ஒட்டிக்கொண்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். தங்கையின் ஒரு வயதுக் குழந்தை ஓர் உருண்டையைக் கடித்துப் பிய்த்து வாயில் வைத்திருந்ததைப் பார்த்த அன்றைக்கே கத்தரியை எடுத்துவிட்டேன். கைக்குழந்தை புழங்கும் வீட்டில் இந்த லேஸ் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

இரண்டாவது, வெள்ளை நூல் லேஸ். குரோஷா பின்னல் மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஒன்றரை அங்குல அகலம், முழுப் பருத்தி. 2020 ஜனவரியில் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் கிடைத்தது. பாலியெஸ்டரில் சூடுபட்டவள் ஆயிற்றே, பருத்தியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்து அன்றைக்கே தைத்தேன். தையல் கோட்டை மறைக்க உள்பக்கமாக மெரூன் நிறத்தில் ஜிக்ஜாக் லேஸ் ஒரு வரி. ரொம்பப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது துவையலில் போர்வை சுருக்குப்பை ஆகிவிட்டது. ஓரம் முழுதும் உள்ளே இழுத்துக்கொள்ள, நடுப்பகுதி உப்பி நின்றது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அம்மாவின் புடவைகள் பதினைந்து இருபது வருடம் துவைகல்லில் அடிபட்டவை. சுருங்க வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கி முடித்துவிட்டன. லேஸ் அப்போதுதான் முதல் தண்ணீரைப் பார்க்கிறது. மீந்திருந்த லேஸில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உலர்த்தி அளந்தேன். 96 சென்டிமீட்டர். ஏழரை மீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 30 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் அடி காணாமல் போகிறது. புதுத் துணியில் தைத்த போர்வை என்றால் இரண்டும் கூடவே சுருங்கி ஓரளவு தப்பித்திருக்கும். பழைய புடவைக்குப் புது லேஸ் என்றால் தப்பவே முடியாது. பாலியெஸ்டர் லேஸில் சிக்கல் நேர் எதிர்: லேஸ் அப்படியே இருக்கும், புதுத் துணி சுருங்கும், ஓரம் அலை அலையாக நெளியும்.

ஊரடங்கு வந்தது. பிரிக்க நேரம் தாராளமாகக் கிடைத்தது. லேஸை முழுதாகப் பிரித்து, வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் திரும்பத் தைத்தேன். இந்த லேஸையும் தாராளமாக வாங்கியிருந்ததால் குறைந்த ஓர் அடியை ஈடுகட்ட மிச்சம் இருந்தது. அதன்பிறகு நாலரை வருடம் அந்த ஓரம் உழைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தொல்லைகள் மட்டும் கடைசிவரை தீரவில்லை. கால்மாட்டில் லேஸ் ஓட்டைக்குள் மெட்டி மாட்டிக்கொள்ளும். தூக்கத்தில் காலை உதறினால் பின்னல் அறுந்து ஓட்டை பெரிதாகும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாலு தடவை ஒட்டுப்போட்டிருக்கிறேன். இன்னொன்று, வெள்ளை நிறம் பழுப்பேறியது. சொட்டு நீலம் போட்டால் லேஸ் வெளுக்கும், பக்கத்திலிருக்கும் இளமஞ்சள் சுங்குடி மந்தமாகிவிடும்.

இடையில் தோழி ஒருத்தி, பழைய பட்டுப் புடவையின் சரிகைக் கரையை வெட்டி ஓரமாக வைக்கச் சொன்னாள். நல்லவேளை, முதலில் ஒரு தலையணை உறையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை நடந்துபோகிற தூரம். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் சரிகை கறுத்துவிட்டது. அதோடு முகத்தில் உரசவும் செய்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கமாகக் கரையைக் கடந்தது. எங்களுக்கு வினை அதற்கப்புறம்தான் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருகி, வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. போர்வை பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்தபோது நூல் லேஸ் சேறு குடித்திருந்ததே தவிர, அறுந்திருக்கவில்லை. கெடுத்தது அந்த ஜிக்ஜாக் லேஸ். அரை மணி நேரத் துவையலில் ஒருநாளும் சாயம் விடாதது, இரண்டு நாள் ஊறியதும் மெரூனை முழுக்கக் கக்கி, ஓரம் நெடுகப் பாக்குக் கறை மாதிரி ஆக்கிவிட்டது. வாங்கிய அன்றே ஒரு முனையை நெடுநேரம் ஊறவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது எந்தச் சிவப்பு நூலையும் ஒரு ராத்திரி தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் தையலுக்கு எடுப்பதில்லை.

மூன்றாவது ஓரம் 2025 பிப்ரவரியில் வைத்தது. அதற்கு முன்னால் ஒருநாள் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் போனபோது, க்ளூனி கன்னியரின் எம்பிராய்டரி கூடத்தில் கைவேலை செய்த மேசைவிரிப்புகளைப் பார்த்தேன். ஓரம் துணியிலிருந்தே முளைத்தது போல இருந்தது; தனியாக வாங்கி ஒட்டவைத்த எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பதினொரு புடவைகளில் மிச்சமிருந்த துண்டுகளைத் தேடினேன். அடர்பச்சைக் கட்டம் ஒன்று ஒரு கஜம் போலக் கிடைத்தது. அதிலேயே பைப்பிங், அதாவது மெல்லிய கயிற்றைத் துணிப்பட்டிக்குள் மடித்துத் தைக்கிற ஓரம்.

பைப்பிங் வைக்க நினைப்பவர்களுக்குச் சில விவரம். துணியைக் குறுக்காக, 45 பாகைச் சாய்வில்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டிய பட்டி மூலையில் திரும்பாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய கயிற்றுக்கு ஒன்றரை அங்குலப் பட்டி போதும். கயிறும் பருத்திதான் என்பதால் அதையும் ஊறவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற சாதாரண ஃபுட் கயிற்றின்மேல் ஏறி வழுக்கும். ஜிப் தைக்கிற ஒற்றைக்கால் ஃபுட்டை மாட்டினால் ஒட்டித் தைக்கலாம். ஊசி 16-ஆம் நம்பர். அதற்குக் கீழே போனால் இத்தனை அடுக்கில் உடைகிறது. எனக்கு இரண்டு உடைந்தன. மூலையைக் கூராக விடாமல் சாப்பாட்டுத் தட்டை வைத்து வளைவாகக் கோடு போட்டு வெட்டிவிட்டேன், பாதி வேலை குறைந்தது. இரண்டு முனையும் சேரும் இடம் கால்மாட்டுப் பக்கத்தின் நடுவில் வரட்டும்; மூலையில் வந்தால் உப்பிக்கொண்டு தெரியும். முடித்த போர்வைக்கு வைப்பதென்றால் பழைய ஓரப்பட்டியைச் சுத்தமாகப் பிரித்தாக வேண்டும், இதில் குறுக்குவழி இல்லை. பைப்பிங்கை முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் ஒரு பட்டியை மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தேன். தினமும் ஒரு மணி நேரம், பன்னிரண்டு நாள்.

மாதம் இரண்டு முறை துவைக்கிறேன். சுருக்கம் இல்லை, மெட்டி மாட்டுவதில்லை, தாடை குறுகுறுப்பதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம் இருப்பதே தெரியாது என்பது ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். மஞ்சள் உருண்டைகளை இன்னமும் கொஞ்சம் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் குறைக்கு அம்மாதான் வழி சொன்னார். முந்தானைக்குக் கட்டுவது போல நாலு மூலைக்கும் நாலு குச்சு கட்டித் தந்தார், கொலுசு என்று கேலி செய்தவரே. முதல் தடவை கடையில் சில்க் த்ரெட் என்று கொடுத்த வழுவழு நூலில் கட்டியது இரண்டே துவையலில் பிரிந்து நூலாம்படை ஆனது. எம்பிராய்டரிக்கான பருத்தி நூலில் கட்டியது நிற்கிறது. மூன்று மூலையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். நாலாவதைப் போன வாரம் தங்கை மகன் பிடுங்கிவிட்டான். இப்போது அவனுக்கு ஏழு வயது, வாயில் வைக்கவில்லை. பேனாவில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறான்.