கொடைக்கானல் டென்ட் ஸ்டே: லொகேஷன் தராமல் அட்வான்ஸ் கேட்டால் அனுப்பாதீர்கள்

கோடை லீவுக்குக் கொடைக்கானலில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மே மாதம் நானும் மனைவி பிள்ளைகளும், மச்சான் குடும்பமும் மாட்டிக்கொண்டோம்.

விளம்பரப் படம் அருமையாக இருந்தது. ஏரிக்கரைப் புல்வெளியில் ஆரஞ்சு நிற டென்ட், பின்னால் பைன் மரங்கள். "மன்னவனூர் பக்கம், லேக் வியூ" என்று போட்டிருந்தார்கள். தலைக்கு 1,500 ரூபாய்; ராத்திரி சாப்பாடு, கேம்ப் ஃபயர், காலை டிபன் எல்லாம் சேர்த்து. பாதிப் பணத்தை முதலிலேயே ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். லொகேஷன் கேட்டதற்கு, "வர்ற அன்னிக்கு அனுப்புறோம்ணே, பிரைவேட் ப்ராப்பர்ட்டி" என்று பதில்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் போக முடியும். அதில் தங்குமிடத்தை நிரப்ப வேண்டி வந்ததால் திரும்பவும் போன் போட்டேன். "டவுன்ல ஏதாவது லாட்ஜ் பேரப் போட்டுக்குங்கண்ணே." முறையாக நடத்துகிற இடமாக இருந்தால் தன் பெயரைப் போடச் சொல்ல என்ன தயக்கம்? உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டு வழியாக ஏறி, டவுனைத் தாண்டி, பூம்பாறை வந்த பிறகுதான் லொகேஷன் வந்தது. அதற்கு மேல் கார் போகாதாம், ஜீப்புக்குத் தனியாக 2,000 ரூபாய். இதைப் புக்கிங் நேரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. போய் இறங்கினால் ஒரு பூண்டுத் தோட்டம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல். அதில் ஒரு படியை மட்டும் சமன் செய்து, கயிறு கட்டக்கூட இடம் விடாமல் டென்டுகளை ஒட்ட ஒட்ட நிறுத்தியிருந்தார்கள். ஏரி எங்கே தம்பி என்று மச்சான் கேட்டார். "அந்த மலைக்குப் பின்னாடிண்ணே, காலைல பனி விலகுனா தெரியும்." காலையில் பனி விலகியது. பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி நன்றாகத் தெரிந்தது.

மே மாதத்தில் கொடைக்கானலில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வருவது சகஜம். அங்கே தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர்கள் போட்டிருந்தது ஒற்றைத் துணி டென்ட். மழை தாங்குகிற டென்ட் என்றால் உள் துணிக்கு மேலே தனியாக இன்னொரு உறை இருக்கும், இரண்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி இருக்கும். தரைத்துணியும் விளிம்பில் கொஞ்சம் மேலேறித் தைத்திருக்கும். இங்கே இரண்டுமே இல்லை. படிவயலில் மேல்படித் தண்ணீர் கீழ்படிக்குத்தான் இறங்கும். அதைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால்கூட வெட்டவில்லை. ஒன்பது மணிக்குள் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நனைந்து, சின்னவள் நடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. வேலைக்கு இருந்த பையன் பார்பிக்யூ அடுப்பிலிருந்து கனல் கரியை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து, "டென்டுக்குள்ள வச்சு ஜிப்பப் போட்டுக்குங்கக்கா, கதகதன்னு இருக்கும்" என்று என் மனைவியிடம் நீட்டினான். அவள் அவனைத் திட்டித் திருப்பி அனுப்பினாள். கரி எரிகிறபோது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து டென்ட்காரர்கள் சட்டியை வாங்கி வைத்திருந்தார்கள். மச்சான் போய் எழுப்பி வெளியே எடுக்க வைத்தார்.

கழிப்பறை எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஸ்பீக்கர் நள்ளிரவு தாண்டியும் ஓடியது. அப்புறம் காட்டுமாடு வந்தது, தோட்டத்து ஓரமாக நடந்து போய்விட்டது, எங்கள் நல்ல நேரம். வேலி ஒன்றும் இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது நினைவிருக்கும்.

மீதிப் பணம் தர மாட்டோம் என்றதற்குக் கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது, கொடுத்துவிட்டு இறங்கினோம். நுகர்வோர் உதவி எண் 1915, இணையப் பண மோசடிக்கு 1930. இரண்டும் வேலை செய்கிற எண்கள்தான். ஆனால் புகார் எழுத உட்கார்ந்தால் எதிராளியின் பெயர், முகவரி வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு யுபிஐ ஐடியும் ஒரு இன்ஸ்டா பக்கமும். அந்தப் பக்கமும் இப்போது வேறு பெயரில் இருக்கிறது.

லொகேஷனை ஏன் மறைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. முன்கூட்டியே கொடுத்தால் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, ஏரி இருக்கிறதா, தோட்டமா என்று நாமே பார்த்துவிடுவோம். ரோடு எதுவரை போகிறது என்பதும் தெரிந்துவிடும். அனுமதி இல்லாத இடமாக இருந்தால், அதிகாரிகள் கண்ணில் படாமல் இருப்பதும் அவர்களுக்கு வசதி. ஏரிக்கரையில் டென்ட் போட்ட படம் என்றாலே சந்தேகப்படுங்கள். பேரிஜம் ஏரிக்குப் பகலில் போய்வரவே வனத்துறை அனுமதி வேண்டும். அந்த ஆரஞ்சு டென்ட் படத்தை, ஒரு படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே படம் வாகமண், மூணாறு என்று ஊர் ஊராக வந்தது.

டென்ட் இல்லாமல் காடு மட்டும் போதும் என்றால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள், ஆன்லைனில் பதிவு செய்யலாம். ராத்திரி தங்க டவுனில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு. இன்ஸ்டாவில் போட அங்கே ஆரஞ்சு டென்ட் கிடைக்காது. ரசீது கிடைக்கும், இ-பாஸில் அதன் பெயரையே போடலாம்.