கார் உதிரிபாகம்: சர்வீஸ் சென்டரா, பேட்டர்ஸ் சாலையா, இணையமா, புதுப்பேட்டையா?

வாரண்டி முடிந்த காருக்கு உதிரிபாகம் தேடும் சென்னைவாசி நான்கு இடங்களில் விலை விசாரிக்கலாம்: கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அதைச் சுற்றியும் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள், இணையத் தளங்கள், புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள். எங்கே மலிவு என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தப் பாகம் என்று தெரிந்த பிறகே ஒப்பிடத் தொடங்க முடியும்.

முதலில் பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர் போன்ற தேயும் சாமான்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கார் நிறுவனங்கள் தாமே தயாரிப்பதில்லை; வெளியில் வாங்கித் தம் பெயர் அச்சிட்ட பெட்டியில் போட்டு விற்கின்றன. சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா நிறுவனம், கார் நிறுவனங்களுக்கு பிரேக் பாகங்களை வழங்குகிறது. டிவிஎஸ் கிர்லிங் என்ற பெயரில் கடைகளுக்கும் அனுப்புகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டிவிஎஸ், கிளட்சுக்கு வேலியோ, ஃபில்டருக்கு போஷ், மாலே என்று இந்தப் பட்டியல் நீளும். உங்கள் காருக்கு முதலில் பொருத்தப்பட்ட பாகத்தைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொண்டு, அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குவதுதான் தரம் குறையாமல் விலையைக் குறைக்கும் வழி. எல்லா மாடலுக்கும் இது வாய்க்காது. வெளிச்சந்தையில் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்காதபடி தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும், அவை மேல்முறையீட்டுக்குப் போனதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

சர்வீஸ் சென்டரில் எம்ஆர்பிதான் விலை, பேரத்துக்கு இடமில்லை. ஆனால் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரைத் தவறில்லாமல் சொல்லிவிடுவார்கள். சென்சார், இசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவி, கதவு ரப்பர் ஆகியவற்றுக்கு அங்கே போவதே நல்லது. மலிவு சென்சாரைப் போட்டுவிட்டு இன்ஜின் விளக்கு ஏன் அணையவில்லை என்று மறுபடி ஸ்கேனுக்கு அலைந்தால், மிச்சம் பிடித்தது அந்தக் கட்டணத்திலேயே போய்விடும்.

பேட்டர்ஸ் சாலையில் எம்ஆர்பியிலிருந்து கழிவு (தள்ளுபடி) கிடைக்கும். கார் நிறுவனத்தின் சீலிட்ட பெட்டிக்குக்கூடச் சில கடைகளில் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் எந்த எம்ஆர்பியிலிருந்து கழிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா கார் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமானது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். வரிக்கு முன் 1,000 ரூபாய் மதிப்புள்ள பாகம் அன்று 1,280, இன்று 1,180. பழைய விலை அச்சிட்ட பெட்டியை எடுத்து வைத்து 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 1,152 ஆகிறது. அதாவது கடைக்காரர் உண்மையில் விட்டுக்கொடுத்தது 28 ரூபாய்தான், மற்றது வரிக்குறைப்பு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் பேரம் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

இங்கே உள்ள ஆபத்து டூப்ளிகேட். வேகமாக விற்கும் ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் ஆகியவற்றில்தான் அது அதிகம். ஆயில் ஃபில்டரைக் கையில் வாங்கினால், அடிப்பக்க ஓட்டைகளுக்கு உள்ளே தெரியும் ரப்பர் வால்வைச் மெல்ல அழுத்திப் பாருங்கள்; அது மெத்தென்று அமுங்கி மறுபடி எழ வேண்டும். விறைப்பாக இருந்தாலோ, ரப்பர் வால்வு இருக்க வேண்டிய மாடலில் அது காணாமல் போயிருந்தாலோ, பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளரின் முகவரியும், எம்ஆர்பியும் தெளிவாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

மெக்கானிக் மூலம் வாங்கினால் அந்தக் கழிவு பெரும்பாலும் அவருக்குப் போகும். அதில் தவறில்லை, பாகம் பொருந்தாவிட்டால் அலைச்சல் அவருடையது. நீங்களே வாங்கித் தந்தால் லேபரைக் குறைக்காமல் கொடுங்கள், பாகம் பழுதானால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

இணையத்தின் பலம் விலை வெளிப்படையாகத் தெரிவது. பூட்மோ போன்ற தளத்தில் பார்ட் நம்பரைத் தட்டினால் அதற்கு மாற்றான மற்ற தயாரிப்புகளும் வரிசையாக வரும். பம்பர், கண்ணாடி போன்ற பெரிய சாமானுக்கு அனுப்பும் செலவும் உடையும் பயமும் சேர்வதால் லாபம் கரைந்துவிடும். கார் பட்டறையில் நிற்கும்போது பார்சலுக்காகக் காத்திருப்பதும் நடவாத காரியம். என் பார்வையில் இணையம் வாங்குவதைவிட, கடைக்குப் போகுமுன் விலை பார்த்துக்கொள்ளவே அதிகம் பயன்படுகிறது.

புதுப்பேட்டை வேறு கணக்கு. அங்கே எம்ஆர்பி என்பதே கிடையாது. கதவு, சைடு மிரர், சீட், பம்பர் ஆகியவற்றுக்கு இதைவிட மலிவான இடம் இல்லை. அதே நிறத்தில் கதவு அமைந்துவிட்டால் பெயின்ட் செலவும் மிச்சம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், டயர் ஆகியவற்றை மட்டும் அங்கே தொடவே வேண்டாம், ஏனெனில் அவை விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றப்பட்டவையா என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. திருட்டுச் சாமான் என்ற சிக்கல் வராமலிருக்கப் பழைய பொருளுக்கும் பில் கேளுங்கள். ஹெட்லைட் வாங்கினால், போல்ட் போடும் காதுகள் உடைந்து ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று திருப்பிப் பார்த்து, கடையிலேயே பேட்டரியில் இணைத்து எரியவிட்ட பிறகு பணத்தை எடுங்கள். மின்சாதனத்தை அங்கே திரும்ப வாங்க மாட்டார்கள்.