எழுத்துக்கு லீவு: முழுசாக நிறுத்துவதா, சின்னதாக எழுதுவதா, நடந்துவிட்டு வருவதா?

எழுத்து ஓடவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "கொஞ்ச நாள் விட்டுடு, தானா வரும்." எதை விடுவது, எத்தனை நாள் விடுவது, விட்ட நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது. டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

வட சென்னையில் உட்கார்ந்து கதை, கவிதை எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்து சோறு போடும் வேலை கிடையாது. துறைமுகத்தில் ஷிஃப்ட், எம்.சி. ரோட்டில் துணிக்கடை, பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஸ், பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒன்று பகலை எடுத்துக்கொள்ளும். ராத்திரி மிச்சமிருப்பதில்தான் எழுத்து. அதனால் ஏற்காட்டில் ரூம் போட்டு ஒரு மாதம் மனதை ஆற்றிக்கொண்டு வருகிற வகையறாவை இங்கே சேர்க்கவில்லை. கைக்கு எட்டுகிற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுத்தை முழுசாக நிறுத்துவது ஒன்று. பெரிய வேலையை மூடிவைத்துவிட்டுச் சின்னதாக வேறு ஏதாவது எழுதுவது இன்னொன்று. எதையும் நிறுத்தாமல், முட்டுகிறபோதெல்லாம் எழுந்து நடந்துவிட்டு வருவது மூன்றாவது. வாசிப்பதையே ஓய்வு என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களிடம் அப்புறம் வருகிறேன்.

முழு நிறுத்தத்தை எப்படிச் செய்வது என்று பார்க்க காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 ஆக்கினார்கள். அந்த நாட்களில் துறைமுகம் தூங்குவதில்லை. படகைக் கரையேற்றி ஓட்டை அடைப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், நிழல் கிடைத்த இடத்தில் வலை சரிசெய்துகொண்டிருப்பார்கள். மறுபடி கடலுக்குப் போகும் தேதி சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். எழுதுகிறவர்கள் விடும் லீவில் இந்த இரண்டுமே இருக்காது. திரும்பும் தேதி கிடையாது, பழுது பார்க்கும் வேலையும் கிடையாது. ஒரு நாள் விட்டது ஒரு வாரமாகி, வாரம் தீபாவளி வரை போய், "முன்னெல்லாம் நான் எழுதுவேன்" என்று சொல்லும் ஆளாகிவிடுகிறார்கள்.

தேதி குறித்து நிறுத்தினால், எழுதி முடித்த பிரதிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பேன். காரணம் எளிது. எழுதிய சூட்டோடு படிக்கும்போது தாளில் இருப்பதை நாம் படிப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் படிக்கிறோம். விட்டுப்போன சொல்லைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். அக்கா ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால், அதைக் கதையில் எங்கேயும் சொல்லவில்லை என்பது உறைக்காது. கொஞ்சம் மறந்துபோனால்தான் உறைக்கும், மறப்பதற்கு நாளாகும். ஆறேழு வாரம் கழித்துப் படித்தால் யாரோ எழுதியது மாதிரி இருக்கும். அந்த யாரோமேல் நமக்குக் கோபமும் வரும். நல்லதுதான்.

பாதியில் நிற்கும் நாவலுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் ஆள் காலி. மறக்கக் கூடாததும் சேர்ந்து மறந்துவிடும். கொருக்குப்பேட்டை ஆயா ஒருத்தியின் பேச்சில் இருந்த இழுவையையும் கேலியையும் கஷ்டப்பட்டுப் பிடித்திருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் அதே ஆயா டிவி சீரியல் ஆயா மாதிரிப் பேசுவாள். ஆகவே நடுவில் நிறுத்தியே தீரவேண்டும் என்றால், பாத்திரங்கள் பேசும் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்து வைத்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்றும் கடைசியில் நாலு வரி குறிப்பு எழுதிவையுங்கள். திரும்பி வரும் நாளில் இந்த இரண்டும்தான் கைகொடுக்கும்.

நீண்ட மௌனம்தான் பெரிய எழுத்தைத் தரும் என்று வாதிடுபவர்கள் சுந்தர ராமசாமியைக் காட்டுவார்கள். முதல் நாவல் 1966இல், இரண்டாவது 1981இல், நடுவில் சில ஆண்டுகள் எழுதவே இல்லை. சரி. ஆனால் அந்த இரண்டாவது நாவல் மௌனத்திலிருந்து நேராகக் குதிக்கவில்லை, எழுபதுகளில் கவிதையும் சிறுகதையுமாகத்தான் அவர் திரும்பி வந்தார். பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தைக் கைவிடுவதாக அறிவித்தது ஓய்வே கிடையாது, 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் அவர்மேல் விழுந்த நெருக்கடி. அதை இந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை. என்றாலும் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தபிறகு அவரிடமிருந்து முதலில் வந்ததும் கவிதைத் தொகுப்புதான், நாவல் அதற்கப்புறம் வந்தது. இருவருமே நாவலாசிரியர்கள், இருவருக்குமே சின்ன வடிவம்தான் முதலில் கதவைத் திறந்திருக்கிறது. எனக்கு இதில் ஒரு சேதி இருப்பதாகப் படுகிறது.

அதுதான் இரண்டாவது வழி. தடைக்காலத்திலும் மார்க்கெட்டில் கொஞ்சம் மீன் வருகிறதே, அது எங்கிருந்து? தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரம் போய்க் கிடைத்ததைக் கொண்டுவரும். எழுத்திலும் இப்படி ஒரு சின்னப் படகு வைத்துக்கொள்ளலாம். நாவல் எழுதுகிறவர் நாலு வரியில் ஆட்களைப் பற்றிக் குறிப்பு எழுதலாம். கவிஞர் வீட்டுப் பெரியவர் பேசுவதைப் பதிவுசெய்து அப்படியே தாளில் இறக்கலாம். வெண்பா தெரிந்தவருக்குத் தளை தட்டாமல் ஒன்று கட்டுவதே போதும், அரைநாள் ஓடிவிடும். மொழிபெயர்ப்பும் நல்லது. கதை வேறொருவருடையது என்பதால் என்ன நடக்கவேண்டும் என்ற கவலை நமக்கு இல்லை, வாக்கியத்தை மட்டும் பார்த்தால் போதும். தெருமுனையில் கானா பாடும் பசங்களோடு உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தால்கூட எழுத்துதான். இலக்கணக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இதன் பலம், கை விட்டுப்போகாது என்பது. முழு நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பும்போது வரும் அந்த முதல் வாரப் பயம் இதில் இல்லவே இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, இதை எங்கேயும் வெளியிடக் கூடாது. ஃபேஸ்புக்கில் போட்டால் லைக் எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள், அப்புறம் அது ஓய்வா? இன்னொரு வேலைதான். இரண்டாவது, இன்னொரு நாவலைத் தொடங்கக் கூடாது. புது நாவலின் முதல் அத்தியாயம் எப்போதுமே இனிக்கும், ஏனென்றால் அதில் இன்னும் எந்தச் சிக்கலும் வரவில்லை. பழையது முட்டும்போதெல்லாம் புதியதற்குத் தாவுகிறவர்களின் அலமாரியில் முதல் அத்தியாயங்கள் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது, நடை. இதைப் பற்றி நம்மூரில் கவித்துவமாகப் பேசுபவர்களே அதிகம். ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம்போல் கூடின. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் நீடித்தது. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மெரினா வரை போகத் தேவையில்லை, மொட்டை மாடியில் துணிக் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தாலும் வேலை நடக்கும்.

ஒரு குறையும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் புதிர்களில் நடை உதவவில்லை, லேசாகக் கெடுக்கவும் செய்தது. எழுத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்: "அடுத்து இவன் என்னென்ன செய்யலாம்" என்பதற்கு நடங்கள். "இந்த வரியில் எந்தச் சொல் சரி" என்பதற்கு உட்காருங்கள். பிழை திருத்த வேண்டிய நேரத்தில் நடந்துகொண்டே இருப்பது, வேலையிலிருந்து நழுவுவதற்கு இன்னொரு வழி.

எங்கே நடப்பது என்பதும் நம்ம பக்கத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்தால் கதை வராது, உயிர் பயம்தான் வரும். திருவொற்றியூர் கோயில் பிராகாரம் நல்ல இடம், கூட்டமில்லாத பகல் நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. நடக்கவே முடியாத நாளில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளலாம். எண்ணூர் தாண்டிக் கழிமுகத்தைக் கடக்கும்வரை போனைத் தொடாமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான பகுதி. ரயில் பயணத்தை யாரும் ஆய்வு செய்து சதவீதம் சொன்னதாகத் தெரியாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெறுமனே படுத்துக் கிடப்பது ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். 2009இல் 117 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்றில், மொழி சார்ந்த புதிர்களில் சும்மா இருந்தவர்களைவிட மூளையை அதிகம் இழுக்காத லேசான வேலை ஒன்றைச் செய்தவர்களுக்கே இடைவேளையின் பலன் கூடுதலாகக் கிடைத்திருந்தது. பாத்திரம் கழுவுவது, கீரை ஆய்வது போன்றவற்றை இந்த வகையில் சேர்க்கலாம். கேரம் எனக்குச் சந்தேகம், நம்ம பசங்க ஆடுகிற வேகத்துக்கு அது லேசான வேலையே கிடையாது.

வாசிப்புக்கு வருகிறேன். ஓய்வு நாட்களில் பெரிய நாவல் படிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல எழுத்தாளரின் நடை காய்ச்சல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், திரும்பி வந்து எழுதும் முதல் பத்துப் பக்கம் அவருடையதாக இருக்கும். கதை சாராததைப் படியுங்கள். பின்னி மில் தொழிலாளர் வரலாறு, ரயில்வே வரலாறு, சமையல் குறிப்பு, எதுவானாலும் சரி.

இவ்வளவும் சொன்னபிறகு எது மேல் என்றால், என் ஓட்டு சின்னப் படகுக்குத்தான். பகலில் வேலைக்குப் போய் ராத்திரி எழுதுகிறவர் ஏற்கெனவே பாதி நாள் எழுதாமல்தான் இருக்கிறார். ஓவர்டைம், வீட்டு விசேஷம், டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் என்று லீவு தானாகவே விழுந்துகொண்டிருக்கிறது. அவருக்கு இன்னும் ஒரு நிறுத்தம் தேவையில்லை, தொடுப்பு அறுந்துபோகாமல் இருந்தால் போதும். முழு நிறுத்தத்தை முடித்த பிரதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நடை அன்றாடத்துக்கு. அடுத்த காட்சி தெரியாமல் முட்டும் சாயங்காலத்துக்கு அது போதும், மனசே சலித்துப்போன மாதத்துக்குப் போதாது.

முடித்த பிரதியை எப்போது மூடிவைப்பது என்பதற்கு இங்கே ஒரு வசதியான கணக்கு உண்டு. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர பதிப்பாளர்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே பிரதி கேட்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதக் கத்திரி வெயிலில் எப்படியும் யாரும் எழுதப்போவதில்லை. ஏப்ரல் நடுவில் மூடி, ஜூன் நடுவில் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பேனாவைத் தொடாமல் ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுத் திருத்த ஆரம்பித்தால் மூன்று மாதம் கையில் இருக்கும். திருத்த அது தாராளம். நாவலையே மாற்றி எழுதவேண்டியிருக்கிறது என்று அந்த ஜூனில் தெரிந்தால், அதற்கடுத்த ஜனவரிக்குத் தள்ளிவிடுங்கள். பதிப்பாளரிடம் அப்போதே சொல்லிவிட்டால் அவரும் கோபிக்க மாட்டார்.