ரிச்சி தெருவில் வாங்கிய டார்ச்சும் கண்ணாடியும்: ஐந்து மாத இரவுப் பணிக்குப் பிறகு

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சென்னை ரிச்சி தெருவில் மூன்று பொருள்கள் வாங்கினேன். இரண்டு சின்ன பென்சில் பேட்டரியில் எரியும் பேனா டார்ச், 1,150 ரூபாய். இழுத்தால் நீளும் கம்பியின் முனையில் வட்டக் கண்ணாடி மாட்டிய ஆய்வுக் கண்ணாடி, 280 ரூபாய். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடக்கு லென்ஸ், 350 ரூபாய். இப்போது நவம்பர். ஐந்து மாதமாக இரவுப் பணி இருந்த நாளெல்லாம் இந்த மூன்றும் என் மேல்சட்டைப் பையில் இருந்திருக்கின்றன. இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானப் பராமரிப்பைச் சோதிக்கும் ஒன்றிய அரசு அலுவலர் நான். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கம்பெனிப் பொருளை வாங்குங்கள் என்று சொல்வது முறையில்லை. அதனால் பெயர் போடவில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதில் ஏமாறக்கூடாது என்பதை விவரமாகச் சொல்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் பயன்படும்.

விமானத்தைப் பழுது பார்ப்பது நான் இல்லை. விமான நிறுவனத்தின் ஏஎம்இக்கள், அதாவது பராமரிப்புப் பொறியாளர்கள், பார்க்கிறார்கள், உரிமம் பெற்றவர் கையெழுத்துப் போட்டு, பறக்கலாம் என்று ரிலீஸ் கொடுக்கிறார், விமானம் கிளம்புகிறது. அந்தக் கையெழுத்து சொல்லும் வேலை உண்மையிலேயே நடந்திருக்கிறதா, விமானத்தின் பதிவேடான லாக் புக்கில் இருப்பதும் விமானத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. சொல்லாமல்தான் போவோம், பெரும்பாலும் இரவில். பகல் முழுக்கப் பறந்த உள்நாட்டு விமானங்கள் இரவில்தான் வந்து நிற்கின்றன, பெரும்பாலான வேலை அப்போதுதான் நடக்கிறது. மீனம்பாக்கத்தில் விடிகாலை இரண்டரை மணிக்கு, விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனின் கம்ப விளக்குகள் விமானத்தின் முதுகில் வெளிச்சத்தைக் கொட்டும். நான் பார்க்க வேண்டியதெல்லாம் வயிற்றுக்கு அடியில் இருட்டில் இருக்கும்.

பராமரிப்புத் திட்டங்களில் பொதுப் பார்வை ஆய்வு என்று ஒன்று உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நின்று, பகல் வெளிச்சத்திலோ ஹேங்கர் விளக்கிலோ டார்ச் வெளிச்சத்திலோ பார்ப்பது. தேவைப்பட்டால் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த படி விரிவான ஆய்வு. அதற்கு இருக்கிற வெளிச்சம் போதாது, நல்ல விளக்கை நேராக அந்த இடத்தில் பிடிக்க வேண்டும், கண்ணாடி, லென்ஸ் எல்லாம் சேர்ந்துகொள்ளும். டார்ச் என்பது ஆய்வின் வரையறைக்குள்ளேயே எழுதியிருக்கும் கருவி. அப்படியிருந்தும் அதை அலட்சியமாக வாங்குபவர்கள்தான் அதிகம். கைப்பேசி விளக்கை வைத்து, சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியான வீல் வெல்லுக்குள் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் முதலில் கைமுழம் நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "மேடம், இது ரெண்டாயிரம் லூமென். அடிச்சா அந்தப் பக்கத் தெரு வரைக்கும் தெரியும்." என் பையில் எப்போதும் ஒரு பழைய அலுமினியத் தகட்டுத் துண்டு இருக்கும். கழித்துப் போட்ட விமானத் தோல். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை ஒன்றிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியிருக்கும். அதை மேசையில் வைத்து அவருடைய டார்ச்சை நேராக அடித்தேன். தகடு முழுக்கப் பளீரென்று வெள்ளை, விரிசல் காணோம். பிறகு இந்தப் பேனா டார்ச்சை எடுத்துக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, தகட்டோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, ஒளி என் முகத்தை நோக்கி வரும்படி பிடித்தேன். விரிசலின் ஒரு விளிம்பு நிழல் கட்டியது. கோடு தெரிந்தது. கடைக்காரரே குனிந்து பார்த்து, "அட, இங்க பாருங்க!" என்றார்.

இந்த டார்ச்சை நான் வாங்கியதற்கு முழுக் காரணம் அந்த நிழல்தான். பரப்புக்கும் ஒளிக்கும் இடையே 5 முதல் 45 டிகிரிக்குள் சாய்வு இருந்தால்தான் மேடு பள்ளம் நிழல் போடும். அதற்கு டார்ச் மெலிதாக இருக்க வேண்டும். தடித்த தலையுள்ள டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைக்கவே முடியாது. வெளிச்சத்தைக் குறைக்கவும் முடிய வேண்டும். இதில் இரண்டு நிலை இருக்கிறது, கூட்டும் நிலையை நான் அதிகம் தொடுவதில்லை.

விரிசல் தேடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது அதன் மேல்கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். அந்த விமானம் 89,680 முறை பறந்து இறங்கியிருந்தது. தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடத்தில், ரிவெட்டுக்கு ரிவெட் சின்னச் சின்ன விரிசல்கள் சேர்ந்துவிட்டிருந்தன. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. விசாரணை அறிக்கை ஆய்வாளர்களின் நிலையையும் எழுதியது: சாரத்தின் மேல் ஏறி, கையில் விளக்கோடு, ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்துக்கொண்டே போவது சலிப்பூட்டும் வேலை என்று. அந்த வரியைப் பயிற்சிக் காலத்தில் படித்தபோது, அந்தச் சாரத்தில் நின்றவருக்காக மனது கனத்தது. இன்றும் எந்தத் தகட்டுச் சேர்ப்பைப் பார்த்தாலும் நினைவு வரும்.

அடுத்தது நிறம். எவரும் கேட்காமல் விடும் கேள்வி இது. பெரிய விமானங்களின் ஹைட்ராலிக் திரவம் ஊதா நிறம். சக்கரக் காலின் அதிர்வு தாங்கியில் இருக்கும் எண்ணெய் சிவப்பு. இஞ்சின் எண்ணெய் புதிதாக இருக்கும்போது தேன் நிறம், ஓட ஓடக் கறுக்கும். சக்கரத்துக்கு மேலே ஈரம் தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்வது நிறம்தான். மலிவான டார்ச்சுகளின் நீலம் கலந்த வெள்ளையில் ஊதாவும் சிவப்பும் ஒரே பழுப்பாகத் தெரியும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருக்கும். 90-க்கு மேல் இருந்தால் நிறம் ஏறக்குறையப் பகலில் தெரிவதுபோல் தெரியும். அந்த எண்ணே போடாத டார்ச்சை ஆய்வுக்கு வாங்காதீர்கள். லூமெனுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

வெளிச்சக் குறைவு என்ன செய்யும் என்பதற்கு 1990 ஜூன் 10 நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்போம். பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் கேப்டனுக்கு முன்னால் இருந்த ஜன்னல் கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுத் தொங்கினார். பிழைத்ததே பெரிது. முந்தைய நாள் விடிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர், மங்கலான வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடி போடாமல், பழைய போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தே புதியதைத் தேர்ந்தெடுத்திருந்தார். 90 போல்ட்டில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. நம் கணக்கில் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த மடக்கு லென்ஸை நான் அதிகம் பயன்படுத்துவது விரிசலுக்கு அல்ல, போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் உதிரிபாகச் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடத்தான். நாற்பது வயதுக்குப் பிறகு அந்த எண்களை வெறுங்கண்ணால் படித்துவிட்டதாக நம்பக்கூடாது. லென்ஸைப் பற்றி வேறு குறை நிறை சொல்ல எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறது.

ஆய்வுக் கண்ணாடிக்கு வருகிறேன். வட்டம் இரண்டு அங்குலம். கம்பியை முழுதாக இழுத்தால் என் கை நீளத்துக்கு மேல் வருகிறது. குழாய்களுக்குப் பின்னால், அடைப்புத் தகட்டின் மறுபக்கம், பிரேக்குக்குப் பின்னால் என்று தலை நுழையாத இடமெல்லாம் இது நுழையும். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டார்ச்சைப் பொருளின் மேல் அடிக்க முயல்வார்கள், அங்கே கையே போகாது. டார்ச்சைக் கண்ணாடியின் மேல் அடிக்க வேண்டும். ஒளி அதில் பட்டுத் திரும்பிப் பொருளுக்குப் போகும், நம் பார்வையும் அதே வழியில் போகும். ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும்.

இஞ்சின் கவசத்தின் தாழ்களையும் இதை வைத்துத்தான் பார்க்கிறேன். ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களில் அந்தத் தாழ்கள் இஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும். நின்றபடி பார்த்தால் எல்லாம் மூடியது போலவே தெரியும். 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவில் அந்தக் குடும்பத்தின் ஓர் ஏ319 கிளம்பும்போது இரண்டு இஞ்சின்களின் கவசக் கதவுகளும் கழன்று பறந்தன. இரவில் தாழ் போடாமல் வேலையைப் பாதியில் விட்டுப் போனவர்கள், திரும்பி வரும்போது தவறுதலாக வேறு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கவசம் மூடியிருந்தது, சரி என்று விட்டுவிட்டார்கள். நான் எப்போதும் முழங்காலை ஊன்றித்தான் பார்ப்பேன். மழை நாளில் ஏப்ரனில் முழங்கால் ஊன்றினால் உடுப்பு நனையும், அப்புறம் காய்ந்துவிடும். கண்ணாடி இருப்பதால் கழுத்தைத் திருகாமல் ஒவ்வொரு தாழையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

இதன் குறை, முனையில் இருக்கும் உருண்டை இணைப்பு. மூன்றாவது மாதமே தளர்ந்துவிட்டது. சின்னத் திருகாணிகள் இரண்டை இறுக்கினால் சரியாகிறது. ஆனால் திருகாணி கழன்று விழக்கூடிய எதையும் விமானத்துக்குள் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து ஒட்டியிருக்கிறேன். 280 ரூபாய்க்கு இது போதும் என்று விட்டுவிட மாட்டேன், அடுத்த முறை கூடக் கொடுத்து நல்லதாக வாங்குவேன்.

விழுவது என்றதும் ஒன்றை எழுதியாக வேண்டும். ஆகஸ்டில் ஓர் இரவு ஆய்வை முடித்து ஜீப்பில் ஏறிப் பாதி தூரம் வந்துவிட்டேன். பையைத் தொட்டேன். டார்ச் இருந்தது, லென்ஸ் இருந்தது, கண்ணாடி இல்லை. வயிற்றுக்குள் எதுவோ புரண்டது. ஷிப்ட் பொறுப்பாளரை அழைத்தேன், பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். விமானத்தை நிறுத்தச் சொன்னேன். வீல் வெல்லின் உள்விளிம்பில், ஒரு குழாய்க்குப் பின்னால் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. சக்கரம் மடங்கும் பாதைக்குப் பக்கத்தில். விமானம் 18 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. என் அறிக்கையில் என் பெயரைப் போட்டே எழுதினேன். கருவியை எண்ணாமல் விட்டதற்காக எத்தனையோ ஏஎம்இக்களுக்குக் குறை என்று ஃபைண்டிங் எழுதிய கை இது. மறுநாளே மூன்றிலும் ஆரஞ்சு நாடா சுற்றி எண் எழுதினேன். உள்ளே போகும்போது பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனிடம் "மூன்று" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். வெளியே வந்ததும் அவர்களே, "மேடம், மூணும் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது மனது நிறைகிறது.

டார்ச்சின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறது, அதாவது தெறிக்கும் நீரைத் தாங்கும். இந்த ஐப்பசி மழையில் தாங்கியது. தண்ணீரில் முங்கினால் போய்விடும். எரிபொருள் தொட்டிக்குள் இதைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே தீப்பொறி எழாதபடி செய்து, அதற்கென்று சான்று பெற்ற டார்ச் மட்டும்தான். அதன் விலை வேறு, அதை நிறுவனமே தர வேண்டும். ஹைட்ராலிக் திரவம் பட்டால் அலுமினிய உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பொத்தானின் ரப்பர் மட்டும் கொழகொழத்துவிட்டது. பட்டவுடன் துடைத்துவிடுங்கள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்க்கும் தம்பிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரப்பரை இப்படி ஆக்கும் திரவம் உதட்டையும் கண்ணையும் என்ன செய்யும்?

பின்பக்கம் காந்தம் வைத்த டார்ச்சுகளும் கடையில் நிறைய உண்டு. கார் மெக்கானிக்குகளுக்கு அது நல்ல வசதி. விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியமும் கூட்டுப்பொருளும், காந்தம் ஒட்டவே ஒட்டாது. விமானி அறையில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தொந்தரவு வேறு. வேண்டாம்.

சார்ஜ் செய்யும் வகையா, பேட்டரி மாற்றும் வகையா என்று கேட்பார்கள். எனக்கு மாற்றும் வகைதான். விடிகாலை மூன்று மணிக்கு வெளிச்சம் மங்கினால் பையிலிருந்து இரண்டு பேட்டரி எடுத்துப் போட்டு அரை நிமிடத்தில் வேலையைத் தொடரலாம். மங்கும் வரை நான் காத்திருப்பதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரியை மாற்றிவிடுகிறேன். கழற்றியதில் இன்னும் பாதி உயிர் இருக்கும், அவை வீட்டு டிவி ரிமோட்டுக்குப் போகின்றன.