கூகுள் ஷீட்ஸின் மாத பட்ஜெட் டெம்ப்ளேட்: பதின்வயதினருக்குச் சொல்லித்தர உதவுமா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரவு செலவு கற்றுத்தர எந்த ஆப் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், காசு கொடுப்பதற்கு முன் கூகுளின் கணக்குத் தாள் செயலியான ஷீட்ஸில் இலவசமாகவே கிடக்கும் ‘மன்த்லி பட்ஜெட்’ டெம்ப்ளேட்டை (முன்பே கட்டம் போட்டு வைத்த மாதிரித் தாளை) மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். கணக்கு எழுத அது அருமையான கருவி. ஆனால் கற்றுத்தருவதற்கு, வந்தபடியே வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் செய்யும். வளர்ந்த, சம்பளம் வாங்கும் ஒருவரின் ஒரே ஒரு மாதத்தை மனதில் வைத்துச் செய்தது அது. வாழ்க்கைச் செலவு மாதக் கணக்கில் அடங்குவதில்லை என்பதைப் பிள்ளைகள் அதிலிருந்து தானாகத் தெரிந்துகொள்ள முடியாது.

கணினியில் ஷீட்ஸின் முகப்பில் ‘டெம்ப்ளேட் கேலரி’க்குள் இது இருக்கும். திறந்தால் இரண்டு தாள்கள். ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ தாளில் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, விவரம், வகை என நான்கு கட்டங்கள். ‘சம்மரி’ தாளில் ஒவ்வொரு வகைக்கும் நேராக ‘ப்ளான்டு’, ‘ஆக்சுவல்’, ‘டிஃப்’ என மூன்று எண்கள்: போட்ட திட்டம், நடந்த செலவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆக்சுவலும் டிஃப்பும் தானாக நிரம்பும். இந்தத் தாளில் கையால் எழுத வேண்டியவை தொடக்க இருப்பும் ப்ளான்டு பத்தியும் மட்டுமே. முதல் வேலையாக ‘ஃபைல்’ மெனுவின் ‘செட்டிங்ஸ்’ போய் நாட்டை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மாதமும் நாளும் இடம் மாறி, 3ஆம் மாதம் 5ஆம் தேதி 5ஆம் மாதம் 3ஆம் தேதி ஆகிவிடும்.

வங்கிக் கணக்கோடு இது இணைவதில்லை. ஒவ்வொரு செலவையும் கையால்தான் எழுத வேண்டும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். கற்கும் வயதில் இதுதான் இதன் பெரிய பலம் என்பது எங்கள் கருத்து. தானாக வந்து விழும் பட்டியலைப் பிள்ளைகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தொகையைத் தன் விரலால் அடித்து, அது எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் அந்த ஐந்து நொடியில்தான் ‘இது தேவையா, ஆசையா’ என்ற கேள்வி எழுகிறது.

பாடம் முழுவதும் ப்ளான்டு பத்தியில்தான் இருக்கிறது. மாதம் பிறப்பதற்கு முன்பே அதைப் பிள்ளையே நிரப்ப வேண்டும், அதுவும் ஊகத்தில். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘அவ்வளவு ஆகாது, இவ்வளவு போடு’ என்று திருத்தினால் மாதக் கடைசியில் டிஃப் பத்தியில் பார்க்க ஒன்றும் இருக்காது. போக்குவரத்துக்கு 800 போட்டு 1,350 ஆகியிருந்தால், அந்த கழித்தல் 550 எத்தனை அறிவுரைக்கும் சமம். செலவில் திட்டத்திலிருந்து நடந்ததும், வரவில் நடந்ததிலிருந்து திட்டமும் கழிக்கப்படுவதால், எந்தப் பக்கமானாலும் கழித்தல் குறி வந்தால் கை கடித்திருக்கிறது என்று பொருள். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கைச்செலவுப் பணத்தை மட்டும் இதில் எழுதிப் பழகினால் வாழ்க்கைச் செலவு புரியாது. இன்னொரு நகல் எடுத்து, ‘தனியாக வாழ்ந்தால்’ என்று பெயர் வைத்து, வீட்டில் உண்மையாக வரும் பில்களைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். வாடகை, மின்சாரம், தண்ணீர், இணையம், போக்குவரத்து, சாப்பாடு, மருந்து என்று எல்லாவற்றையும். வருமான இடத்தில் விளம்பரத்தில் போடும் சம்பளத்தை அல்ல, வரியும் பிடித்தங்களும் போகக் கையில் வரும் தொகையைத்தான் எழுத வேண்டும். பிள்ளைகள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்தது ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகள். டெம்ப்ளேட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. நாம்தான் விருப்பப்படி பெயர் வைத்துக்கொள்ளும் ‘கஸ்டம் கேட்டகரி’ ஒன்றை ‘ஆண்டுச் செலவு ஒதுக்கீடு’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீடு ஆண்டுக்கு 6,000 என்றால் மாதம் 500. ஆண்டுக் கட்டணம் ஏதாவது 2,400 என்றால் மாதம் 200. 18,000க்கு வாங்கும் போன் மூன்று வருடம் தாங்கும் என்றால் 36 மாதத்துக்குப் பங்கிட்டு மாதம் 500. இந்த மூன்றும் சேர்ந்தே மாதம் 1,200; கையில் 30,000 வருபவருக்கு 4 விழுக்காடு. இந்த ஒதுக்கீடு இல்லாத பட்ஜெட் பதினோரு மாதம் அழகாக நின்று பன்னிரண்டாம் மாதம் சரியும். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணமும் இப்படித்தான்: 20,000 தேவை, மாதம் 2,500 ஒதுக்க முடியும் என்றால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். ‘வேலை கிடைத்ததும் தனி வீடு’ என்ற கனவுக்குத் தேதி குறிப்பது இந்தக் கணக்குதான்.

வருமானத்தில் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடு என்ற விதியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைச் சட்டமாக வைக்க வேண்டாம். முதல் சம்பளத்தில் வாடகையே பாதியைத் தின்றுவிடும் நிலையில், விதியைக் காப்பாற்றப் பிள்ளை எண்களை வளைக்கத் தொடங்கும்.

இனி, எங்கே உடைகிறது என்று பார்ப்போம். முதல் மாதமே நடக்கும் தவறு, சம்மரி தாளில் ஒரு வகையின் பெயரை இடையில் மாற்றுவது. ஃபார்முலா வகையின் பெயரைப் பார்த்துத்தான் கூட்டுகிறது. பெயரை மாற்றிவிட்டால், பழைய பெயரில் எழுதிய வரிகள் எந்தக் கூட்டலிலும் சேராது. மொத்தச் செலவு குறைந்து காட்டும், பிள்ளை சிக்கனமாக இருந்துவிட்டதாக மகிழும். பழைய வரிகளின் வகைக் கட்டத்தில் மூலையில் சிவப்புக் குறி தெரிந்தால் இதுதான் காரணம். பெயர்களை 1ஆம் தேதிக்கு முன் முடிவு செய்துவிட்டால் தொல்லையில்லை.

தொகைக் கட்டத்தில் ‘250 போல’ என்று எழுத்தைச் சேர்த்து அடித்தால் ஷீட்ஸ் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. கண்டுபிடிப்பது சுலபம்: எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். புது வகைக்காக நடுவில் வரி நுழைப்பதும் வம்பு. வரவும் செலவும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். புது வரிக்கு ஃபார்முலாவும் தானாக வராது. இருக்கும் வகைகளில் வேண்டாததைப் பெயர் மாற்றிக்கொள்வதே போதும். செல்லப் பிராணி இல்லாத வீட்டில் அந்த வரி சும்மாதானே கிடக்கிறது.

ஏடிஎம்மில் 1,000 எடுத்ததை ஒரு செலவாகவும், அந்தப் பணத்தில் வாங்கியவற்றைத் தனித்தனியாகவும் எழுதினால் இரட்டைக் கணக்கு. பணம் எடுப்பது செலவல்ல, பையை மாற்றுவது. கடன் அட்டையில் வாங்கினால் வாங்கிய நாளில் எழுத வேண்டும். பில் கட்டும் நாளில் மறுபடி எழுதக் கூடாது.

சேமிப்பு விஷயத்தில்தான் இந்த டெம்ப்ளேட்மேல் எங்களுக்கு உண்மையான வருத்தம். மாதக் கடைசியில் மிஞ்சியதை எல்லாம் ‘சேமித்தது’ என்று காட்டுகிறது. மிஞ்சினால் சேமிப்பு என்ற பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டும். இது அதையே வளர்க்கிறது. போதாக்குறைக்கு வரவுப் பக்கத்தில் ‘சேவிங்ஸ்’ என்று ஒரு வகை வேறு இருக்கிறது. சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் பணத்துக்கான இடம் அது, ஆனால் பிள்ளைகள் அதில் சேமித்ததை எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயரை ‘சேமிப்பிலிருந்து எடுத்தது’ என்று மாற்றுங்கள். செலவுப் பக்கத்தில் ‘முதலில் சேமிப்பு’ என்று ஒரு வகை வையுங்கள். டெம்ப்ளேட் காட்டும் சேமிப்பு எண் அதனால் குறைவாகத் தெரியும். தெரியட்டும், ஒதுக்கிய பணம் கண்ணில் படாமல் இருப்பது நல்லதுதான்.

போனில் எழுதுவது சிரமம். கட்டங்கள் சிறியவை, இரண்டு பட்டியலுக்கும் நடுவே விரல் வழுக்கும். அன்றன்று போன் குறிப்பில் தொகையை எழுதிவைத்து, வாரம் ஒரு முறை கணினியில் பத்து நிமிடம் உட்கார்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. கோப்பு பிள்ளையின் கணக்கில் இருக்கட்டும். பெற்றோருக்குக் கருத்து எழுதும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். திருத்தும் அனுமதி வேண்டாம். தவறி எதையாவது அழித்துவிட்டால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சொந்தக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ளப் பல நாடுகளில் 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு உறைகளில் பணம் பிரித்து வைப்பதுதான் இதைவிடச் சிறந்தது. உறை காலியானால் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு குறை: மாதங்கள் ஒன்றோடொன்று இணையாது. எதையும் எழுதாத வெற்று நகல் ஒன்றை வைத்துக்கொண்டு மாதாமாதம் அதிலிருந்து நகல் எடுக்க வேண்டும். முந்தைய மாத இறுதி இருப்பைப் புதிய மாதத் தொடக்க இருப்பில் கையால் எழுத வேண்டும். எழுதுமுன் பையிலும் வங்கியிலும் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் 4,200 என்று சொல்லி, கையில் 3,850 இருந்தால், எண்களை நெருக்கிச் சரிக்கட்டாமல் 350ஐ ‘கணக்கில் வராதது’ என்று அந்த மாதத் தேதியிலேயே ஒரு வரியாக எழுத வேண்டும். அடுத்த மாதம் அது 100க்குக் கீழே வருகிறதா என்று பார்க்கலாம்.