முதல் ட்ராக் நாளுக்கு எந்த இடம்? மட்டக்களப்பில் இருந்து போகும் காருக்கு ஒரு கணக்கு

சொந்தக் காரை மூடிய ட்ராக்கில் வேகமாக ஓட்டிப் பழகும் முதல் நாளுக்கு, கட்டுக்குருந்த முதலில், பன்னல அடுத்ததாக, தியத்தலாவை வேண்டவே வேண்டாம். கொழும்புக்காரரும் இதே வரிசையைச் சொல்லலாம், ஆனால் அவருக்குக் கவலை குறைவு. அவருடைய கார் பழுதானால் ஏற்றிக்கொண்டு போக லொறி பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கார் அப்படியில்லை. ட்ராக்கில் தேய்ந்த அதே டயரோடும், வெந்த அதே பிரேக்கோடும் நாட்டின் குறுக்கே திரும்பி ஓடி வீடு சேர வேண்டும். ஆகவே இடத்தைத் தெரிவுசெய்யும்போது “எங்கே ஓட்டினால் குஷி” என்பதைவிட “எங்கே ஓட்டினால் கார் முழுசாகத் திரும்பும்” என்பதே முதல் கேள்வி.

களுத்துறைக்குச் சற்றுத் தெற்கே உள்ள கட்டுக்குருந்த, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகக் கட்டிய ஓடுபாதை. மேடு பள்ளமில்லை, பார்க்க ஒரு அழகுமில்லை. ஆனால் விமானத்துக்காகப் போட்ட பாதை என்பதால் அகலம் தாராளம். திருப்பத்தைத் தவறவிட்டால் கார் நேராகப் போய் வேகம் குறைந்து நிற்க இடம் இருக்கிறது. முதல் நாள் ஓட்டுபவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: பிரேக்கைப் பிந்திப் பிடிப்பது, பிறகு பதறி ஸ்டியரிங்கை வெட்டுவது. அந்தப் பிழைக்கு இங்கே விலை ஒரு கோன் அல்லது ஒரு பழைய டயர். சுவர் உள்ள இடத்தில் அதே பிழைக்கு விலை ரேடியேட்டரும் பம்பரும்.

குறை இல்லாமலில்லை. நீண்ட நேர்பாதையில் சாதாரண விட்ஸ், ஸ்விப்ட்கூட நல்ல வேகம் எடுக்கும். கடைசியில் அதையெல்லாம் பிரேக்தான் விழுங்க வேண்டும். ஒரு தொன் எடையுள்ள காரை மணிக்கு 140 கிலோமீற்றரில் இருந்து 60க்கு இறக்கினால் பிரேக்கில் சேரும் வெப்பம் சுமார் 600 கிலோஜூல். நெருக்கமான ட்ராக்கில்போல 90இல் இருந்து 40க்கு இறக்கினால் 250 அளவுதான். ஆனாலும் நாங்கள் கட்டுக்குருந்தவை முதலில் வைப்பதற்குக் காரணம், இந்தச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது. அரைவாசியிலேயே அக்சிலரேட்டரை விட்டால் பிரேக் தப்பும். நெருக்கமான ட்ராக்கில் இடத்தைக் கூட்ட எந்தக் காலாலும் முடியாது.

பன்னல குருநாகல் மாவட்டத்தில் இருக்கிறது. பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ள வழியாகப் போகலாம், நமக்குப் பயணத்தூரமும் குறைவு. திருப்பங்கள் அடுத்தடுத்து வருவதால் ஓட்டம் பழக அதுதான் நல்ல பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் பாலர் வகுப்பு ஒன்று இருக்கிறது. பன்னலயில் காருக்கு ஓய்வே கிடையாது: முன் டயரின் வெளி ஓரம் சட்டென்று தேயும், கியர்பெட்டி ஆற நேரமில்லை, ஒயில் குறைவாக இருந்தால் தொடர்திருப்பத்தில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஒயில் இருக்க வேண்டும், கோட்டுக்கு மேலேயும் வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நாளுக்குப் பன்னலயை வைத்துக்கொள்ளுங்கள்.

தியத்தலாவை பொக்ஸ்ஹில் கிரவல் மண் ட்ராக். வீட்டுக் காருக்கான இடமல்ல. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எந்த இடத்துக்குப் போனாலும் சனம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்க்கப் பழகியாக வேண்டும். நுவரெலியா மகாகஸ்தொட்ட 1934இல் தொடங்கிய, மலைவீதியில் கார் ஏறும் போட்டி. பார்த்து ரசிக்கலாம், பழகப் போகக் கூடாது. கல்லடிக் கடற்கரை வீதியும் பாசிக்குடா வீதியும் ட்ராக் அல்ல என்று தனியாக எழுதவேண்டியிருப்பதே வெட்கம்.

பதிவுசெய்யும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்கவேண்டியவை: அம்புலன்ஸ் நாள் முழுக்க நிற்குமா, கொடி காட்டுபவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார்களா, புதியவர்களை வேறு குழுவாக விடுவார்களா, முந்துவது எந்த இடத்தில் மட்டும், ஒரு தடவை இறங்கினால் எத்தனை நிமிட ஓட்டம். 15 நிமிடத்துக்கு மேல் என்றால் நீங்களே நேரத்தோடு வெளியே வந்துவிடுங்கள். “எல்லாரும் சேர்ந்து ஓடுவோம், பிரச்சினை இல்லை” என்று பதில் வந்தால் அந்த நாளை விட்டுவிடலாம். வாகனக் காப்புறுதி வழக்கமாகப் போட்டி ஓட்டத்தையும் வேகப் பரீட்சையையும் விலக்கியிருக்கும். உங்கள் பத்திரத்தின் அந்த வரியை வாசித்துவிட்டே காசு கட்டுங்கள்.

இனி நம்முடைய ஊருக்கே உரிய சிக்கல். மட்டக்களப்பு மட்டமான நிலம். இங்கேயே ஓடித் திரிந்த காரின் பிரேக் உண்மையான சூட்டை ஒருநாளும் கண்டிருக்காது. மகியங்கனைப் பதினெட்டு வளைவு இறக்கத்தில் ஓடும் காருக்குப் பிரேக் எண்ணெய் செத்தது தெரியவரும், நமக்குத் தெரியவராது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், அதுவும் வாவிக்கரை ஈரக்காற்றில். டொட் 4 எண்ணெய் புதிதாகக் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் சேர்ந்தால் அது 155 வரை இறங்கலாம். டொட் 3இன் கணக்கு 205, 140. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சுமாதிரி தரைவரை போகும். ஆகவே புறப்படுமுன் உள்ள இரண்டு கிழமைக்குள் எண்ணெயை முழுதாக மாற்றுங்கள், மூடி திறக்காத டொட் 4 போத்தல் கொண்டு. ஒரு லீற்றர் போதும். போன வருசம் அரைவாசி ஊற்றி ராக்கையில் வைத்த போத்தலைத் தொடாதீர்கள்.

கடலோரக் கார்களுக்கு இன்னொரு வியாதி, பிரேக் பட்டையை அழுத்தும் கலிப்பரை நகரவிடும் ‘பின்’ என்ற ஆணி இறுகுவது. சில்லைக் கழற்றி உள்பட்டையையும் வெளிப்பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 7 மில்லிமீற்றர், மற்றது 3 என்று இருந்தால் பின்னோ பிஸ்டனோ ஓடவில்லை. ரப்பர் கவசத்தை ஒதுக்கிப் பின்னை வெளியே இழுத்தால் பழுப்பு நிறத்தில் உப்புத்துரு ஒட்டியிருக்கும், கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும். மெல்லிய மணற்கடதாசியால் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கன் கிரீஸ் பூசி, விரலால் தள்ளினால் வழுக்கி உள்ளே போக வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிவிடும். பட்டை 5 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் புதியது போட்டு, ஊர் வீதியில் ஓடிப் படியவைத்துவிட்டுப் போங்கள்.

அக்வா, பிரியஸ் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். அவற்றின் மின்பிரேக்கில் குழாய்க்குள் சேர்ந்த காற்றை வெளியே எடுக்க ஸ்கேனர் தேவை. ட்ராக் ஓரத்தில் ஸ்பானரும் ரப்பர் குழாயும் கொண்டு சமாளிக்க முடியாது. பற்றரி நிரம்பியதும் மோட்டார் பிரேக் பின்வாங்கும், முழுப் பாரமும் பட்டையில் விழும். பின் இருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் தூசு அடைத்திருந்தால் பற்றரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த வலைத்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும். பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர் கார்களுக்கு மூன்று, நான்கு சுற்று ஓடி ஒரு சுற்று ஆறவிடுவதே அளவு.

டயரில் அதிகம் சொல்ல இல்லை. பக்கத்தில் உள்ள நாலிலக்க எண்ணைப் பாருங்கள்: 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை. ஆறு வருசம் தாண்டிய டயரும், ரப்பர் மறுபடி ஒட்டிய டயரும் வேண்டாம். ஓடும் முன் காற்றை வழக்கத்தைவிட 3 பிஎஸ்ஐ குறைத்து, முதல் தடவை ஓடி வந்த கையோடு அளந்து சரிசெய்யுங்கள். சில்லு நட்டை டோர்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும்: டொயோட்டாவுக்கு 103 நியூட்டன்மீற்றர், ஹொண்டாவுக்கு 108, வேகன்ஆருக்கு 85. முதல் தடவை ஓடி வந்த பிறகு ஆறவிட்டு மறுபடி ஒருமுறை.

காலம் மாசி, பங்குனி. மார்கழி, தையில் நம் பக்கம் வெள்ளம், வீதி மறிபடும். வைகாசிக்குப் பிறகு களுத்துறைப் பக்கம் தென்மேல் பருவமழை. கட்டுக்குருந்தவுக்கு அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக மத்தளைக்கு இறங்கி அதிவேக வீதியில் ஏறி, தொடங்கொடவில் வெளியேறலாம். பன்னலக்குப் போகிறவர்கள் புணானை, வெலிக்கந்தைப் பகுதியை இருட்டில் கடக்க வேண்டாம். யானைக்கு உங்கள் அவசரம் தெரியாது.

ட்ராக்கில் இறங்கும் முன் ஜக், உதவிச் சில்லு, தரைவிரிப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவையுங்கள். பெற்றோல் கால் தாங்கிக்குக் கீழே போகக் கூடாது. கடைசிச் சுற்றைப் பிரேக் பிடிக்காமல் மெதுவாக ஓடி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். சூட்டோடு இழுத்தால் பட்டை தட்டில் ஒட்டித் தடம் விழும், திரும்பும் வழியெல்லாம் பிரேக் அதிரும்.

அன்றிரவே திரும்பக் கூடாது. களுத்துறையில் தங்குங்கள். விடிந்ததும் கார் முழுதாக ஆறியிருக்கும்போது டயர்க் காற்றை வழக்கமான அளவுக்கு ஏற்றி, நட்டை இறுக்கிப் பார்த்து, பெடலை மூன்று தரம் மிதியுங்கள். கல்லாக நின்றால் புறப்படலாம். பஞ்சாக இருந்தால், சாதாரண பிரேக் உள்ள காருக்கு காற்றெடுக்கும் ஆணிக்குப் பொருந்தும் ஸ்பானர், தெளிந்த ரப்பர் குழாய், மீதி டொட் 4 போதும். துணைக்கு ஒருவர் பெடல் மிதிக்க நாலு சில்லிலும் காற்றெடுக்க ஒரு மணித்தியாலம் போகும். அதை முடிக்காமல் மொனராகலை மலைவீதிக்கு ஏறாதீர்கள்.